விலக்கு இருந்தும் மருந்து இல்லை: கஞ்சா, அபின், வலி குறித்த ஓர் இந்தியச் சட்ட வரலாறு

கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்துவதை இந்தியச் சட்டம் முற்றிலும் தடை செய்துவிட்டது என்பது பரவலான நம்பிக்கை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை எடுத்துப் படிப்பவர் அதில் வேறொன்றைக் காண்பார். அதன் 8ஆம் பிரிவு பயிரிடுதல், உற்பத்தி, உடைமை, விற்பனை, போக்குவரத்து, பயன்பாடு என ஒவ்வொன்றையும் தடுத்துவிட்டு, மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்காக விதிகளின்படி செய்யப்படுபவற்றை அத்தடையிலிருந்து விலக்குகிறது. சரஸ் நீங்கலாகக் கஞ்சாவைப் பயிரிடவும் உற்பத்தி செய்யவும் விற்கவும் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 10ஆம் பிரிவு மாநில அரசுகளுக்குத் தருகிறது. சட்டப் புத்தகத்தில் வழி இருக்கிறது. ஆயினும், தண்டுவடத்தில் அடிபட்டு நரம்பு வலியால் ஆண்டுக்கணக்கில் துன்புறும் ஒருவர் அவ்வழியே சென்று, தரம் உறுதி செய்யப்பட்ட மருந்தொன்றை மருத்துவரின் சீட்டைக் காட்டி வாங்கிவிட முடிவதில்லை. இந்த இடைவெளியை விளக்க ஒரு சட்டத்தின் வாசகம் போதாது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றின் ஊடாக அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவ்வரலாற்றின் நவீனப் பகுதி கல்கத்தாவில் தொடங்குகிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியராக இருந்த அயர்லாந்து நாட்டவரான வில்லியம் புரூக் ஓஷாக்னெசி, 1839இல் கஞ்சாவின் மருத்துவக் குணங்களைப் பற்றிய தம் ஆய்வுரையை வெளியிட்டார். இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவர் என்று பின்னாளில் பெயர் பெற்றவரும் இவரே. அவ்வாய்வு வெற்றிடத்தில் பிறந்ததன்று. வடமொழி மருத்துவ நூல்களை அறிந்த மதுசூதன் குப்தா, பாரசீக, அரபு நூல்களில் புலமை பெற்ற ஹூக்ளியின் சையது கராமத் அலி ஆகியோரின் அறிவும் கல்கத்தாவின் அன்றாட வழக்காறுகளும் அதற்கு அடிப்படையாக அமைந்தன. ஓஷாக்னெசி முதலில் விலங்குகளிடத்திலும் பின்னர் முடக்குவாதம், வாந்திபேதி, இரணஜன்னி, குழந்தைகளின் வலிப்பு, வெறிநாய்க்கடி நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களிடத்திலும் கஞ்சாப் பிசினின் கரைசலைச் சோதித்தார்.

அவற்றுள் வெறிநாய்க்கடி நோயாளியைப் பற்றிய பதிவு தனிக் கவனத்துக்கு உரியது. அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. நோயாளி பிழைக்கவும் இல்லை. ஆனால் மருந்து கொடுத்த பின் அவருடைய இசிவு தணிந்தது. விழுங்கவே முடியாதிருந்தவரால் சிறிது உட்கொள்ள முடிந்தது. குணப்படுத்த இயலாத இடத்திலும் சாவின் கொடுமையைக் குறைப்பது மருத்துவருக்குக் கிட்டிய பேறு என்ற பொருள்பட ஓஷாக்னெசி அங்கே எழுதுகிறார். நோய்த்தணிப்பு மருத்துவம் என்ற துறை தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, அதன் மையக் கருத்து கல்கத்தாவின் ஒரு மருத்துவமனைக் குறிப்பில் இடம்பெற்றுவிட்டது. அக்குறிப்பில் கஞ்சா மருந்தாகவே தோன்றுகிறது; குற்றமாகவோ வருவாயாகவோ தோன்றவில்லை.

ஓஷாக்னெசியின் வழியாக இலண்டனுக்குச் சென்ற கஞ்சாச் சாறு, அங்கே பீட்டர் ஸ்குவயர் என்ற மருந்தாளரின் கைப்பக்குவத்தால் விற்பனைக்கு வந்தது. பிரித்தானிய மருந்தியல் நூலிலும் இடம்பெற்றது. 1890இல் ஜே. ரசல் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர், தம் நீண்ட கால அனுபவத்தின் அடிப்படையில் நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் அது பயன்படுவதை ‘லான்செட்’ இதழில் விவரித்தார். ஆயினும் அம்மருந்தின் செல்வாக்குத் தேய்ந்தது. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் மருந்தியல் சார்ந்தவை. ஒரு வயலின் சரக்குக்கும் மற்றொரு வயலின் சரக்குக்கும் வீரியம் வேறுபட்டது. பிசின் நீரில் கரையாது. ஆகவே 1850களுக்குப் பின் பரவிய ஊசிமருந்து முறைக்கு அது ஒத்துவரவில்லை. அபினிலிருந்து மார்ஃபினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்துவிட்டனர். கஞ்சாவின் முதன்மை வேதிப்பொருளான டிஎச்சியைத் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பை மெக்கூலமும் கயோனியும் கண்டறிந்ததோ 1964இல்தான். 1932இல் பிரித்தானிய மருந்தியல் நூலிலிருந்தும் 1942இல் அமெரிக்க மருந்தியல் நூலிலிருந்தும் கஞ்சா நீக்கப்பட்டது. உலக நாடுகள் அதைப் பற்றிக் கடுமையான சட்டங்களை வகுத்த காலத்தில் அதற்காகப் பேசும் மருத்துவர் எவரும் அவையில் இல்லை. அபினுக்கு நேர்ந்த கதைக்கும் கஞ்சாவுக்கு நேர்ந்த கதைக்கும் இடையிலான முதல் பிரிவு இதுவே.

இதற்கிடையில் இந்தியாவில் கேள்வி வேறு விதமாக எழுந்தது. 1893இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற மதுவிலக்கு ஆதரவாளர் எழுப்பிய வினாவைத் தொடர்ந்து, மெக்வொர்த் யங் தலைமையில் ஏழு உறுப்பினர் கொண்ட இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. உறுப்பினர்களில் மூவர் இந்தியர். ஆணையம் 1,193 சாட்சிகளிடம் கருத்துப் பெற்று 1894இல் பல தொகுதிகளாக அறிக்கை அளித்தது. மிதமான பயன்பாட்டினால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை. முழுத் தடை தேவையும் அன்று, உகந்ததும் அன்று. உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்துவதே சரி என்பது அதன் முடிவு. இந்திய உறுப்பினர்களில் இருவர் மாறுபட்ட குறிப்புகளை இணைத்தனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அறிக்கையின் மிக வலுவான பகுதி மனநோய்க் காப்பகங்களைப் பற்றியது. கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்ற கருத்துக்குக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளே அதுவரை சான்றாகக் காட்டப்பட்டன. ஆணையம் 1892ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. நோய்க்கான காரணம் என்ற கட்டம் பெரும்பாலும் மருத்துவ விசாரணையால் நிரப்பப்படவில்லை என்பது தெரியவந்தது. ஆளைக் கொண்டுவந்த காவலரோ அனுப்பிவைத்த நடுவரோ தந்த குறிப்பு அப்படியே ஏட்டில் ஏறியிருந்தது. வேறு காரணம் தெரியாதபோது கஞ்சா என்று எழுதுவது எளிதாக இருந்தது. சரிபார்த்தபின், கஞ்சாவின் பெயரில் பதிவான நேர்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவை நிலைபெறவில்லை. புள்ளிவிவரம் எவ்வாறு உற்பத்தியாகிறது என்று கேட்ட ஓர் அரிய அரசு ஆவணம் இது.

ஆனால் இவ்வறிக்கையைக் கஞ்சா ஆதரவு ஆவணமாக மட்டும் படிப்பது பிழையாகும். வைத்தியர்களும் அக்கீம்களும் கஞ்சாவைப் பயன்படுத்துவதையும், வீட்டு வைத்தியத்திலும் கால்நடை மருத்துவத்திலும் அது இருப்பதையும் ஆணையம் பதிவு செய்தது. தடை விதித்தால் மக்கள் இதனினும் தீய பொருள்களை நாடுவர் என்றும் எச்சரித்தது. ஆயினும் அது அரசுக்கு முன்வைத்த திட்டம் ஆயத்தீர்வைத் திட்டமே. இலை பாங்கு, பெண் செடியின் பூங்கதிர் கஞ்சா, பிசின் சரஸ் என்ற முப்பிரிவு வணிகத்துக்கும் வரி விதிப்புக்கும் உதவிய பிரிவு. இராஜசாகி மாவட்டத்து நவகாவ் வயல்களிலிருந்து வந்த கஞ்சாவுக்கும் யார்க்கண்டிலிருந்து மலை கடந்து பஞ்சாபுக்கு வந்த சரஸுக்கும் தீர்வை வாங்குவதற்கு அப்பிரிவு தேவைப்பட்டது. நோயாளிக்கு எந்த அளவில் எது பயன்படும் என்ற கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை. வரி வாங்குவதற்காக வரையப்பட்ட இக்கோடுகளே பின்னர் குற்றத்துக்கும் குற்றமின்மைக்கும் இடையிலான கோடுகளாயின.

1924–25இல் ஜெனீவாவில் நடந்த அபின் மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எல் கின்டி வற்புறுத்தியதால் கஞ்சாவும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை அதை முதல் பட்டியலிலும், மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலும் சேர்த்தது. பூங்கதிர் இல்லாத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே நின்றன. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் அரைக்கப்படும் பாங்கு அதனால் தப்பியது. மரபாக நிலவிய மருத்துவமல்லாத பயன்பாட்டை, உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1964 முதல் 25 ஆண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கெடுவும் இருந்தது. அதே உடன்படிக்கையின் முகப்புரை, வலியைத் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்றும், அவை கிடைப்பதற்குப் போதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் ஒப்புக்கொள்கிறது. தடுத்தலும் கிடைக்கச் செய்தலும் சமமான இரு கடமைகளாகவே அங்கு வைக்கப்பட்டன. முதற் கடமையை நிறைவேற்றக் காவல் துறையும் சுங்கத் துறையும் நீதிமன்றங்களும் இருந்தன. இரண்டாம் கடமை எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று யாரும் வரையறுக்கவில்லை.

1985 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான சட்டமுன்வடிவு ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 16 அன்று, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. பல மாநிலங்களில் அதுவரை அரசு உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்கப்பட்டு வந்தது. புதிய சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனையை விதித்தது. பின்னர் வந்த திருத்தம் பிணை கிடைப்பதையும் மிகக் கடினமாக்கியது. அளவுக்கேற்பத் தண்டனையைப் படிநிலைப்படுத்தும் முறை 2001இல்தான் வந்தது.

இச்சட்டத்தால் முதலில் பாதிக்கப்பட்ட நோயாளிகள் கஞ்சாவை நாடியவர்கள் அல்லர், மார்ஃபின் தேவைப்பட்டவர்கள். கஞ்சாவின் எதிர்காலத்தைப் புரிந்துகொள்ள மார்ஃபினின் கதை இன்றியமையாதது. உலகச் சந்தைக்குச் சட்டப்படி அபின் விளைவிக்கும் முன்னணி நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் உரிமத்தின் கீழ் விளையும் அபின், நீமச், காசிப்பூர் ஆலைகளில் பதப்படுத்தப்படுகிறது. மருத்துவப் பயன்பாட்டுக்கான விலக்கும் சட்டத்தில் தெளிவாக இருந்தது. இருந்தும் ஆண்டுக்குச் சில நூறு கிலோவாக இருந்த மார்ஃபின் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது. நூறு கோடியை நெருங்கிய மக்கள்தொகைக்கு இது ஓராண்டின் மொத்த அளவு.

சட்டம் தடுக்காததைத் தடுத்தது நடைமுறை. ஒரு மருத்துவமனை வேறொரு மாநிலத்திலிருந்து மார்ஃபின் மாத்திரை வாங்க உடைமை உரிமம், இறக்குமதி உரிமம், ஏற்றுமதி உரிமம், போக்குவரத்து உரிமம் எனப் பலவற்றை ஆயத்தீர்வைத் துறையிடமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் பெற வேண்டியிருந்தது. அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாக இருந்தாக வேண்டும். ஒன்று வருவதற்குள் மற்றொன்றின் காலம் முடிந்துவிடும். எழுத்தர் பிழை ஒன்றுக்கும் பத்தாண்டுச் சிறை நேரலாம் என்ற அச்சத்தில் மருந்துக் கடைகள் இருப்பு வைப்பதை நிறுத்தின. இருப்பு இல்லாததால் மருத்துவர்கள் எழுதுவதை நிறுத்தினர். எழுதும் மருத்துவர்கள் இல்லாததால் மாணவர்கள் கற்கவில்லை. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே அறிந்து வெளியேறினர். தடை நீங்கினால் மருந்து தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் இத்தொடர்விளைவைக் கருத வேண்டும். அறுந்த சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் யாரேனும் மீண்டும் இணைத்தாக வேண்டும்.

அப்பணி கேரளத்தில் தொடங்கியது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் பிறரும் சேர்ந்து வலி, நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கான சங்கத்தை நிறுவினர். வாய்வழி மார்ஃபினைப் புறநோயாளிகளுக்கு வழங்கியும் அது களவு போகாமல் காக்க முடியும் என்பதை அச்சங்கம் ஆண்டுக்கணக்கில் பதிவேடுகளுடன் காட்டியது. 1998இல் மத்திய அரசு எளிமைப்படுத்திய மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் முந்தி ஏற்றது. பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் ஏற்கவில்லை. 2007இல் இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 2014 பிப்ரவரியில், 15ஆம் மக்களவையின் கடைசி நாள்களில், திருத்தச் சட்டம் இரு அவைகளிலும் நிறைவேறியது.

அத்திருத்தம் செய்தது மூன்று. ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என்ற புதிய சட்ட வகையை உருவாக்கியது. அம்மருந்துகளுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாற்றி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு ஒரே அனுமதி போதும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. மருத்துவப் பயன்பாட்டை உறுதி செய்வதையும் மத்திய அரசின் கடமைகளில் ஒன்றாகச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலேயே எழுதியது. 1961இல் முகப்புரையில் நின்றுபோன இரண்டாம் கடமைக்கு 53 ஆண்டுகளுக்குப் பின் இந்தியச் சட்டத்தில் ஓர் உரியவர் கிடைத்தார். அதன் பின்னும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. இந்தியாவின் வலி நிவாரணத் தேவையில் 4 விழுக்காடு மட்டுமே அபின்வழி மருந்துகளால் நிறைவேறுகிறது என்று 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது.

இன்றியமையா மருந்துகளாக 2015இல் அறிவிக்கப்பட்டவை மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறு. அனைத்தும் அபின் வகையைச் சார்ந்தவை அல்லது அதைப்போல் செயல்படுபவை. கஞ்சாவிலிருந்து பெறப்படும் எதுவும் அப்பட்டியலில் இல்லை. நவீன மருத்துவத்தின் வழி அவ்வாறு அடைபட்டிருக்க, மரபு மருத்துவத்தின் வழி சிறிது திறந்திருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ், ஆயுர்வேத மருந்துகளில் மருத்துவக் கண்காணிப்புடன் பயன்படுத்த வேண்டிய நச்சுப்பொருள்களின் பட்டியலில் பாங்கு இடம்பெறுகிறது. ‘விஜயா’ என்ற வடமொழிப் பெயரில் இலையின் சாறு வலிக்கும் உறக்கமின்மைக்கும் இன்று விற்கப்படுவது இவ்வழியாகவே. ஒரே செடியின் இலை ஆயுர்வேத மருந்து. இரண்டு அங்குலம் தள்ளிப் பூத்த கதிர் குற்றப் பொருள். தீர்வைக்காக வரையப்பட்ட கோடு, நோயாளிக்கு எது கிடைக்கும் என்பதை 130 ஆண்டுகளுக்குப் பின்னும் முடிவு செய்கிறது.

கஞ்சா வலிக்கு மருந்தா என்ற கேள்விக்கு அறிவியலின் விடை இன்னும் ஒருமுகமாக இல்லை. பெரியவர்களின் நாட்பட்ட வலிக்கு அது பயன்படுவதற்குக் கணிசமான சான்று உண்டு என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் கூறின. வலிக்காக அதைப் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 2021இல் கூறியது. அபின்வழி மருந்துகளைத் தடையின்றி எழுதித் தள்ளியதன் விளைவை அமெரிக்கா கண்டது, அவ்வெச்சரிக்கையும் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் ஐயத்தைத் தீர்க்கும் ஆய்வுகளுக்கே இச்சட்டச் சூழல் பெருந்தடையாக இருந்திருக்கிறது என்பதும் உண்மை. சான்று இல்லாததால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாததால் சான்று திரட்ட இயலவில்லை. ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் உரிமம் பெற்றுக் கஞ்சாவைப் பயிரிட்டு ஆய்ந்து வருவது இவ்வட்டத்தை உடைக்கும் முயற்சி.

2020 டிசம்பர் 2 அன்று வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், 27க்கு 25 என்ற வாக்குகளில், கஞ்சாவை நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியது. நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. முதல் பட்டியலில் அது தொடர்கிறது. ஆயினும் அதற்கு மருத்துவப் பயன் உண்டு என்பதைப் பன்னாட்டு அமைப்பு ஒப்புக்கொண்டது. உள்நாட்டிலும் அசைவுகள் தெரிகின்றன. 2018இல் உத்தரகண்ட் தொழிற்பயன்பாட்டுக்கான சணல்வகைக் கஞ்சாவைப் பயிரிட அனுமதித்தது. 2024இல் இமாசலப் பிரதேசச் சட்டமன்றம், மருத்துவ, தொழில் நோக்கங்களுக்கான கட்டுப்படுத்தப்பட்ட சாகுபடியைப் பரிந்துரைத்த குழுவின் அறிக்கையை ஏற்றது. இவ்விவாதங்களில் மிகுதியாக ஒலிக்கும் சொற்கள் வருவாய், உழவர் வருமானம், ஏற்றுமதி ஆகியவை. அவை நியாயமான அக்கறைகளே. எனினும் 1894ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தவருக்கு இச்சொற்கள் பழகியவை. அன்றும் செடிக்கு வரி இருந்தது, பயிரிடுவோருக்கு உரிமம் இருந்தது, நோயாளிக்குத் தனி இடம் இருக்கவில்லை.

மார்ஃபினின் முப்பதாண்டு வரலாறு தரும் படிப்பினை குறிப்பானது. விலக்கு என்பது அரசு தண்டிக்காமல் விட்டுவிடும் ஓர் இடம். மருந்து நோயாளியின் கைக்கு வர, அதைக் கொண்டுசேர்க்கும் கடமை ஒருவருக்கு வேண்டும். எந்த மருந்து என்று பெயரிடும் சட்டம், எந்த அலுவலகம் பொறுப்பு என்று வரையறுக்கும் விதி, யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்று கற்ற மருத்துவர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதே கோழிக்கோட்டில் மார்ஃபின் வலியைத் தணித்தது. இவற்றில் ஒன்று குறைந்த இடங்களில் 2014க்குப் பின்னும் தணிக்கவில்லை. கஞ்சாவைப் பொறுத்தவரை மூன்றுமே இன்னும் தொடங்கவில்லை. இனி வரும் சாகுபடிக் கொள்கைகளை மதிப்பிடும் மாணவர்கள், அவற்றில் எத்தனை ஏக்கர், எவ்வளவு வருவாய் என்பவற்றோடு, நாட்பட்ட வலியுள்ளவருக்கு மருந்து எழுதும் மருத்துவரைப் பற்றி ஒரு விதியேனும் இருக்கிறதா என்பதையும் தேடிப் பார்க்கலாம். அக்கொள்கை ஆயத்தீர்வையின் வரலாற்றைச் சேர்ந்ததா, மருத்துவத்தின் வரலாற்றைச் சேர்ந்ததா என்பதை அந்த ஒரு விதியே காட்டிவிடும்.